கூலன்ட் டேங்க் வாங்கும் முன் உள்ளே குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் கோடைக்கால வாகனப் பராமரிப்பு பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. டயரில் காற்று, பேட்டரியில் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே வந்து, 'கூலன்ட் டேங்கில் அளவு சரியாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்' என்று ஒரு வரியும் எழுதியிருந்தார்கள். இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம்தான் கூலன்ட். நான் தினமும் பார்த்தவன். அளவு சரியாகவே இருந்தது. அப்படியிருந்தும் என் வண்டியின் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவில்லாமல் அடைத்திருக்கிற தகடு, போனது. அதற்குக் காரணமே அந்த டேங்க்தான். என்னைப் போலப் பழைய வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கொல்லிமலை, செம்மேடு. 2007 மாடல் டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். நானே ஓனர், நானே டிரைவர். காலையில் அன்னாசி, மலை வாழைத்தார், மிளகு மூட்டை என்று எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம், நாமக்கல் இறங்குவேன். திரும்பும்போது கடைச் சரக்கு, உரம், யாராவது வீடு கட்டினால் சிமென்ட். காரவல்லியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கைப் பற்றித்தான் கவலை. ஏறும்போது இன்ஜின் சூட்டைப் பற்றிக் கவலை. லோடோடு ஏறுகிற வண்டி பெரும்பாலும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே ஏறும். இன்ஜின் முழு வேலை செய்யும், ஆனால் வண்டி மெதுவாகப் போவதால் முன்னாலிருந்து, கூலன்டின் சூட்டை ஆற்றுகிற ரேடியேட்டருக்குக் காற்று போதாது. ஃபேன் ஒன்றுதான் துணை. இப்படிப்பட்ட ரோட்டில் கூலன்ட் அரை லிட்டர் குறைந்தாலும் வண்டி காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டியோடு வந்த டேங்க் 15 வருஷத்துக்கு மேல் உழைத்தது. முதலில் பால் வெள்ளையாக இருந்தது, அப்புறம் மஞ்சளாகி, கடைசியில் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் ஓஸ் மாட்டுகிற மூக்கு, அதான் நிப்பிள், அதன் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். பசை போட்டு ஒட்டினேன். இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் பசை மட்டும் ஒரு பொருக்காகக் கழன்று கையோடு வந்தது. இந்த டேங்குகள் செய்கிற பிளாஸ்டிக்கில் பொதுவாக எந்தப் பசையும் பிடிக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது.

சரி, புதிதாகவே போட்டுவிடலாம் என்று டவுனில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். வண்டிப் பெயரைச் சொன்னேன். மேலே அட்டத்திலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார்கள். விலை 220 ரூபாய். பார்க்க அதே உருவம், இரண்டு காது, மேலே மூடி, ஓஸ் மாட்ட ஒரு நிப்பிள். கையிலிருந்த பழைய டேங்கோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை ஓட்டையோடு பொருந்தியது. அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று வாங்கி வந்துவிட்டேன். மாட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் பானட்டைத் தூக்கிப் பார்ப்பேன். புது டேங்க் பளிச்சென்று இருக்கும், பச்சைத் தண்ணீர் மேல் கோட்டில் நிற்கும். மனசுக்கு நிம்மதியாக இருக்கும். ஆறு வாரம் இப்படியே போனது.

அன்னாசி சீசன் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு மத்தியானம் 25 மூட்டை சிமென்ட் ஏற்றிக்கொண்டு ஏறினேன். 40-ஆவது வளைவைத் தாண்டியதும் கேபினுக்குள் ஒரு வாடை, வெல்லப்பாகு தீய்ந்தால் வருமே அந்த மாதிரி. டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன். எப்போதும் நிற்கிற இடத்திலேயே, நடுவில் நின்றது. முள்ளை நம்பி இன்னும் இரண்டு வளைவு ஏறினேன். அதற்குள் இன்ஜின் இழுவை விட்டது, பின்னாலிருந்து வெள்ளைப் புகை. ஓரம் கட்டி, வீலுக்குக் கல் வைத்து, பானட்டைத் தூக்கினேன். இன்ஜினிலிருந்து அனல் முகத்தில் அடிக்கிறது. ஆனால் டேங்கில் தண்ணீர் மேல் கோட்டில் நிற்கிறது!

அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் விட்டேனே, அதுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் துணியைப் போட்டுத் திறந்தேன். விரலை விட்டேன். ரேடியேட்டரில் தண்ணீர் தட்டுப்படவே இல்லை. வெறும் பாத்திரம்.

டேங்க் நிறைய இருக்கிறது, ரேடியேட்டர் காலியாக இருக்கிறது. இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. சேந்தமங்கலத்தில் 30 வருஷமாக டீசல் வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

அவர் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் டேங்கைத்தான் கழற்றினார். ஓஸை உருவி, நிப்பிளில் துணியை வைத்து வாயால் ஊதினார். காதைப் பக்கத்தில் கொண்டுபோய் கேட்டார்.

"தம்பி, சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலீங்கண்ணா."

"கேக்கணும். தண்ணிக்குள்ள குமிழி விடுற சத்தம் கேக்கணும். இதுக்குள்ள குழாயே இல்ல."

அப்புறம் ஹேக்சா பிளேடை எடுத்து என் பழைய டேங்கையும் இந்தப் புது டேங்கையும் மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்துப் போட்டார். பழைய டேங்கில், மேலே இருக்கிற நிப்பிளிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு குழாய் உள்சுவரை ஒட்டியே இறங்கி, அடித்தளத்துக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. புது டேங்கில் நிப்பிள் மட்டும்தான். உள்பக்கம் மொட்டையாக ஒரு ஓட்டை. அவ்வளவுதான்.

"இளநிய ஸ்ட்ரா வெச்சுக் குடிக்கிறீல்ல, ஸ்ட்ரா தண்ணிக்குள்ள முங்கலீன்னா என்ன வரும்? காத்துதான் வரும். உன் ரேடியேட்டர் ஆறு வாரமா காத்தைத்தான் குடிச்சுருக்கு" என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். என் வண்டியில் கூலன்ட் மொத்தம் 9 லிட்டர் பிடிக்கும். வண்டி சூடாகும்போது அது விரிந்து ஏறக்குறைய 400 மில்லி கூடுதலாகும். ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. மூடியின் தலையில் 0.9 என்று அடித்திருப்பார்கள். உள்ளே அழுத்தம் அந்த அளவைத் தாண்டினால் வால்வு திறந்து, கூடுதலானது ஓஸ் வழியாக டேங்குக்குப் போகும். ராத்திரி வண்டி ஆறும்போது கூலன்ட் சுருங்கும், ரேடியேட்டருக்குள் ஒரு உறிஞ்சல் உண்டாகும். அதே மூடியின் நடுவில் இருக்கிற இன்னொரு சின்ன வால்வு திறந்து, டேங்குக்குப் போனதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இதற்குத்தான் குழாய் அடிவரைக்கும் போகிறது. எங்கேயாவது சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் அந்தக் குறையை இந்த டேங்க்தான் ராத்திரியோடு ராத்திரியாக ஈடுகட்டும், காலையில் அதன் அளவு இறங்கித் தெரியும். நாமும் உஷாராகிவிடுவோம்.

என் வண்டியில் வாட்டர் பம்ப் பக்கம் ஒரு சின்னக் கசிவு இருந்திருக்கிறது. நல்ல டேங்காக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் அளவு இறங்கி எனக்குத் தெரிந்திருக்கும். இந்த டேங்க் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை, அதனால் அதன் அளவும் இறங்கவில்லை. ரேடியேட்டர் மட்டும் உள்ளுக்குள் வறண்டுகொண்டே வந்திருக்கிறது. டெம்பரேச்சர் முள் ஏன் ஏறவில்லை என்றும் கேட்டேன். சென்சார் தண்ணீருக்குள் இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டதால் அது காற்றில் தொங்கிக்கொண்டு பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்தது, கேஸ்கட், வாட்டர் பம்ப், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 23,400 ரூபாய். பதினோரு நாள் வண்டி ஓடவில்லை. என்னை நம்பிக் காய் வெட்டி வைத்த இரண்டு தோட்டக்காரர்கள் வேறு வண்டி கிடைக்காமல் பழத்தைப் பழுக்கவிட்டுக் குறைந்த விலைக்குப் போட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது. கடையில் போய்க் கேட்டதற்கு, 'வண்டிக்கு மாட்டுச்சா இல்லியா? மாட்டுச்சுன்னா சரக்கு சரிதான்' என்றார்கள். பொருந்தினால் போதும் என்று அவர்களும் நினைக்கிறார்கள், அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பதினோரு நாளில் அடுத்த டேங்க் தேடி நான் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் வண்டியில் அழுத்த மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். என் வண்டி மாதிரிப் பழைய வண்டிகளில் அது ரேடியேட்டரின் தலையில் இருக்கும், டேங்க் மூடி சும்மா செருகுகிற பிளாஸ்டிக் மூடியாக இருக்கும். இந்த டேங்க் அழுத்தம் தாங்கத் தேவையில்லை. சொல்லப்போனால் அதன் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். துவாரம் இல்லாமல் இறுக்கமாக மூடினால் டேங்க் ஒரு நேரம் உப்பும், ஒரு நேரம் சப்பிப்போகும். பிறகு வந்த பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு மூடியே கிடையாது, டேங்கில்தான் மரை போட்ட அழுத்த மூடி இருக்கும். சூடான கூலன்ட் அந்த டேங்க் வழியாகவே சுற்றி வரும். அது கனமான சுவரோடு, அழுத்தம் தாங்குகிற மாதிரி செய்திருக்க வேண்டும், சிஸ்டத்திலேயே உயரமான இடத்தில் இருக்க வேண்டும். முதல் வகை டேங்கை இரண்டாம் வகை வண்டிக்கு மாட்டினால் அழுத்தத்தில் வெடித்துவிடும். ஒரு கடையில் என் வண்டிக்கு அந்த இரண்டாம் வகையைக் காட்டி 'இது கனமா இருக்கு, நல்லா உழைக்கும்' என்றார்கள். கனத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

அடுத்தது அந்தக் குழாய். கடையிலேயே பாதி டேங்க் தண்ணீர் ஊற்றி, நிப்பிளில் ஊதிப் பாருங்கள். அடியிலிருந்து குமிழி வர வேண்டும். சிலவற்றில் நிப்பிளே டேங்கின் அடிப்பக்கம் இருக்கும், அதற்கு உள்குழாய் தேவையில்லை. சிலவற்றில் மூடியோடு சேர்ந்து குழாய் தொங்கும், அப்படியானால் பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. எனக்குக் காட்டிய நாலு டூப்ளிகேட்டில் ஒன்றில் குழாய் இருந்தது, ஆனால் டேங்கின் பாதி உயரத்தோடு நின்றுவிட்டது. அதிலும் அளவு பாதிக்குக் கீழே இறங்கினால் காற்றுதான் போகும்.

கொள்ளளவையும் பாருங்கள். கீழ்க் கோட்டிலிருந்து வாய்வரைக்கும் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு கால் லிட்டர் டம்ளரால் அளந்துவிடலாம். மலை ஏறுகிற வண்டிக்கு அரை லிட்டருக்குக் குறைந்தால் வேண்டாம் என்பேன். விரிந்து வருவது முழுக்க டேங்கில் தங்க வேண்டும், வழிந்து ரோட்டில் போனால் அது ராத்திரி திரும்பி வராது. வழிகிற கூலன்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் இருக்கிற எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். ஆடும் நாயும் நக்கும். வண்டி நிற்கிற இடத்தில் பச்சையாகத் தேங்கியிருந்தால் மண்ணைப் போட்டு மூடி அள்ளிவிடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நிறம் ஒரு அழகு விஷயம் இல்லை. வெளியிலிருந்து தண்ணீர் மட்டம் தெரிகிற பால் வெள்ளை டேங்காக வாங்குங்கள். கறுப்பு டேங்க் மலிவாகக் கிடைக்கிறது, மட்டம் தெரியாது. தகர டேங்க் அடித்துத் தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னார், அதிலும் அதே குறைதான்.

பழைய சாமான் கடைகளில் எடுக்கலாமே என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் யோசனை சொன்னான். சென்னை புதுப்பேட்டை பக்கம் வேலை பார்க்கிறவன், எந்த வண்டிக்கும் அங்கே சாமான் கிடைக்கும், உண்மைதான். கியர் பாக்ஸ், ஆக்சில் என்றால் நானே போய் எடுப்பேன். இரும்பு தேய்ந்திருந்தால் கையில் தெரியும். பிளாஸ்டிக் 15 வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்தது வெளியே தெரியாது. கட்டைவிரலால் அமுக்கினால் நல்ல பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், வெந்தது முறுக்கு மாதிரி நொறுங்கும். நம் டேங்க் ஏன் விரிசல் விட்டதோ அதே வயதுள்ள இன்னொரு டேங்கும் அதற்காகவே விரிசல் விடும்.

புது டேங்க் கிடைக்கும்வரை அதற்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டிலைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களை நம் ரோட்டில் நிறையப் பார்க்கலாம். மெக்கானிக் அண்ணன் ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் காட்டினார். இடுப்பு சுருங்கி, பாட்டில் அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே இளகிவிடும். நம் இன்ஜினிலிருந்து வருவது 90-க்கும் மேலே.

இதைச் சொல்லும்போது மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற எங்கள் ஊரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மூடி அழுத்தம் பிடிப்பதால்தான் வண்டிக்குள் இருப்பது 115 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் தாங்குகிறது. ஆகவே டேங்க் மாற்றும்போதே ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். அதன் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் புது டேங்க் போட்டும் பயன் இல்லை. பழைய மூடியில் என்ன எண் இருக்கிறதோ அதே எண் வேண்டும். அழுத்தம் கூடினால் நல்லது என்று பெரிய எண் வாங்கி மாட்டினால் பழைய ஓஸும் ரேடியேட்டரும் பிய்ந்துவிடும். டேங்குக்குப் போகிற ஓஸையும் மாற்றுங்கள், அதில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் திரும்பும்போது காற்றைத்தான் இழுக்கும்.

கடைசியில் நான் வாங்கியது கம்பெனி டேங்க். பழைய டேங்கின் அடியில் புடைப்பாக அச்சடித்திருந்த பார்ட் நம்பரையும் வண்டியின் சேசிஸ் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். பழைய மாடல் என்பதால் ஆர்டர் போட்டு ஒன்பது நாள் ஆனது. விலை 640 ரூபாய். முதலிலேயே இதைச் செய்திருந்தால் 420 ரூபாய்தான் கூடுதலாகியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. ஆகவே பில்லோடு ஒரிஜினல் வாங்க நம்மைப் போன்றவர்கள் இனியும் தயங்க வேண்டியதில்லை. டூப்ளிகேட் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்பது நாள் காத்திருக்க முடியாதவர் இருப்பார். அவர் ஊதிப் பார்த்து, அளந்து பார்த்து, பில் கேட்டு வாங்கட்டும்.

வாகனக் கம்பெனிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மலை ஊர்களில் 15 வருஷ வண்டியும் 20 வருஷ வண்டியும்தான் பஸ் போகாத குக்கிராமத்துக்குச் சரக்குக் கொண்டுபோகின்றன, சமயத்தில் பிரசவத்துக்கு ஆள் இறக்குவதும் அவைதான். இந்த மாதிரிச் சின்ன பிளாஸ்டிக் சாமான்களையாவது எந்த மாடலுக்கு என்று தெளிவாக எழுதி, மாவட்டத் தலைநகரங்களில் இருப்பு வையுங்கள். வெளியில் டேங்க் செய்து விற்கிறவர்களுக்கும் சொல்கிறேன், அந்த ஒரு முழக் குழாய்க்கு எவ்வளவு செலவாகிவிடும்? அதை விட்டுவிட்டு ஒரு குடும்பத்தின் சம்பாத்தியத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் நாளிதழுக்கும் ஒன்று. அடுத்த முறை அந்தக் குறிப்பு போடும்போது, வாரம் ஒருமுறை காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள் என்று சேர்த்துப் போடுங்கள். கழுத்துவரை கூலன்ட் நிற்க வேண்டும். அழுத்த மூடி டேங்கில் இருக்கிற வண்டியானால் டேங்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

புது டேங்க் போட்ட அன்று ராத்திரி, மலை ஏறி வந்த சூட்டோடு டேங்கில் மட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். மறுநாள் விடிகாலை பனியில் டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன். மட்டம் அந்தக் கோட்டுக்கு மூன்று விரல் கீழே இறங்கியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், கழுத்துவரை நிறைந்திருந்தது. மெக்கானிக் அண்ணனுக்கு அப்போதே போன் பண்ணிச் சொன்னேன்.

அறுத்த இரண்டு டேங்கையும் நான் தூக்கிப் போடவில்லை. செம்மேடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாங்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில், டீக்கடைத் தூணில் ஒரே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். டேங்க் வாங்கக் கீழே இறங்குகிற டிரைவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெளியூர்க்காரர்களும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் ஓட்டுநர்,
செம்மேடு, கொல்லிமலை,
நாமக்கல் மாவட்டம்.